ஜாவாவில் அன்சைன்டு எண்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாவாவில் எழுதுகிற யாரும் ஒருநாள் இந்த இடத்துக்கு வந்தே தீர்வார்கள். ஒரு கருவி 200 என்று அனுப்புகிறது, நம் திரையில் -56 வந்து நிற்கிறது. 0-க்குக் கீழே போகாத, குறியில்லாத (அன்சைன்டு) முழு எண்ணுக்கு ஜாவாவில் தனி வகை இல்லாததுதான் காரணம். என்னோடு வேலை செய்தவர்களும் புதிதாகப் படிக்க வந்தவர்களும் இதுபற்றிக் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். மெத்தட் பெயர்களை உச்சரிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். எடிட்டரில் கிளாஸ் பெயரும் ஒரு புள்ளியும் வைத்தால் அசல் பெயர் பட்டியலில் வந்துவிடும்.

200 அனுப்பினால் -56 எப்படி வருகிறது?

ஒரு பைட்டில் எட்டு பிட். எட்டு பிட்டை 256 விதமாக அடுக்கலாம், அதற்கு மேல் முடியாது. எந்த அடுக்குக்கு எந்த எண் என்பது படிக்கிறவர் வைத்துக்கொண்ட ஏற்பாடு. 200-ஐ எழுதினால் 11001000. இடப்பக்கத்து முதல் பிட்டுக்கு மதிப்பு 128, இரண்டாவதுக்கு 64, ஐந்தாவதுக்கு 8. கூட்டினால் 200. இது அன்சைன்டு வாசிப்பு. ஜாவா கையாள்வது டூஸ் காம்ப்ளிமென்ட் என்ற சைன்டு (குறியுள்ள) வாசிப்பு. அதில் ஒரே ஒரு மாற்றம்தான்: முதல் பிட்டின் மதிப்பு 128-க்குப் பதில் -128. இப்போது கூட்டிப் பாருங்கள், -128 + 64 + 8 = -56.

24 மணி நேரக் கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முள் இரவு பத்தில் நிற்கிறது. அதை 22 மணி என்றும் சொல்லலாம், நள்ளிரவுக்கு இரண்டு மணி நேரம் முன்பு என்றும் சொல்லலாம். முள் நகரவே இல்லை.

பிட்டுகள் எதுவும் கெடவில்லை, தகவல் எதுவும் தொலையவில்லை. கருவி அனுப்பியது அப்படியே உங்கள் கையில் இருக்கிறது. அதை எந்த இடத்தில், எந்த ஏற்பாட்டில் வாசிக்கிறோம் என்பது மட்டுமே கேள்வி. கீழே வரும் எல்லாப் பதில்களும் இதையே சுற்றி வருகின்றன.

ஜாவாவில் ஏன் இதை வைக்கவில்லை? மறந்துவிட்டார்களா?

மறக்கவில்லை, வேண்டுமென்றே விட்டார்கள். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜாவாவை உருவாக்கிய ஜேம்ஸ் காஸ்லிங், அன்சைன்டு கணக்கின் விதிகள் பெரும்பாலான சி புரோகிராமர்களுக்கே சரியாகத் தெரிவதில்லை என்று சொல்லியிருக்கிறார். 1996 ஜனவரியில் ஜாவாவின் முதல் பதிப்பு வந்தபோது மொழியைச் சின்னதாக, குழப்பமில்லாமல் வைப்பதே நோக்கம்.

சியில் இருந்த தொல்லைகளைப் பார்த்தால் அவர் பக்கத்து நியாயம் புரியும். அங்கே -1-ஐ அன்சைன்டு 1-உடன் ஒப்பிட்டால் -1 பெரியது என்று பதில் வரும். ஏனென்றால் ஒப்பிடும் முன் -1 சத்தமில்லாமல் 4294967295 ஆகிவிடுகிறது. இன்னொன்று, ஒரு வரிசையைக் கடைசியிலிருந்து முதல் வரை சுற்றுகிற லூப். எண்ணி அன்சைன்டாக இருந்து, "0 அல்லது அதற்கு மேல் இருக்கும்வரை ஓடு" என்று எழுதினால் அது நிற்கவே நிற்காது. அன்சைன்டு எண் எப்போதுமே 0 அல்லது அதற்கு மேல்தானே?

என் கருத்து இது: 32 பிட் இன்ட், 64 பிட் லாங் விஷயத்தில் அந்த முடிவு நல்ல முடிவு. பைட் விஷயத்தில் தவறு. -128 முதல் 127 வரை எண்ண வேண்டும் என்று யாரும் பைட்டை எடுப்பதில்லை. ஃபைலும் படமும் நெட்வொர்க்கும் தருகிற பச்சைத் தரவுக்குத்தான் எடுக்கிறோம், அது அநேகமாக எங்கேயும் 0 முதல் 255 வரைதான். சி ஷார்ப்பில் பைட் என்று சொன்னாலே அன்சைன்டு, குறி வேண்டுமென்றால்தான் எஸ்பைட் என்று தனியாகக் கேட்க வேண்டும். ஜாவாவும் அப்படிச் செய்திருந்தால் இந்தப் பக்கத்தில் பாதி தேவைப்பட்டிருக்காது.

ஒன்றுகூட இல்லையா?

ஒன்று உண்டு: கேர். 16 பிட், 0 முதல் 65535 வரை. ஆனால் எழுத்துக்கான இடத்தில் எண்ணை வைக்காதீர்கள். பிரிண்ட் செய்தால் எண்ணுக்குப் பதில் ஏதோ ஒரு எழுத்து வரும். பிறகு அந்தக் கோடைப் படிக்கிறவருக்கும் எதற்கு என்றே புரியாது.

பைட்டை 0 முதல் 255 வரையான எண்ணாக எப்படி வாசிப்பது?

255-உடன் ஆண்ட் செய்யுங்கள், அதாவது இரண்டு எண்ணிலும் 1 இருக்கும் பிட் இடங்களில் மட்டும் 1 வையுங்கள். பைட் ப என்று இருந்தால், இன்ட் எண் = ப & 255. இதைவிட அதிகம் பயன்படும் வரி இந்த விஷயத்தில் வேறு இல்லை.

உள்ளே நடப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கணக்கில் பைட் வந்தால் ஜாவா அதை முதலில் 32 பிட் இன்டாக விரிக்கும். விரிக்கும்போது குறிப் பிட் எதுவோ அதையே புதிதாக வரும் 24 இடங்களிலும் நிரப்பும். 11001000 என்பதற்கு முன்னால் 24 ஒன்றுகள் சேரும், -56 அப்படியே -56 ஆக நிற்கும். 255-உடன் ஆண்ட் செய்தால் அந்த 24 ஒன்றுகளும் போய்விடும். மீதி இருப்பது 200. ஜாவா 8 முதல் பைட் கிளாஸில் இதையே டு-அன்சைன்டு-இன்ட் என்ற பெயரில் தந்திருக்கிறார்கள். புதியவர்கள் படிக்கும் கோடில் அந்தப் பெயர் இருந்தால் நல்லது.

தமிழில் எழுதுகிற நமக்கு இது எங்கோ தொலைவில் நடக்கிற விஷயம் இல்லை. "அ" என்ற ஒரு எழுத்தை யுடிஎஃப்-8 (எழுத்துகளை பைட்டுகளாக்கும் ஒரு தரம்) பைட்டுகளாக மாற்றி ஜாவாவில் பிரிண்ட் செய்து பாருங்கள்: -32, -82, -123. தரத்தின்படி அவை 224, 174, 133. யூனிகோடில் தமிழுக்கான பகுதி முழுவதும் மூன்று மூன்று பைட்டாகத்தான் போகும், மூன்றுமே 127-க்கு மேல். அதனால் தமிழ் உரையின் பைட்டுகளை ஜாவாவில் பார்த்தால் எல்லாம் கழித்தல் குறியோடுதான் தெரியும். ஆங்கில உரையில் இது நடக்காது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்து அனுப்பிய கோடு தமிழில் உடைவதற்கு இது ஒரு காரணம். "பைட் 0-க்குக் கீழே இருந்தால் பிழை" என்று எழுதப்பட்ட ஒரு நிரலைத் திருத்தியிருக்கிறேன். அது ஒரு தமிழ்ப் பெயரைக்கூட உள்ளே விடவில்லை.

பைட்டை ஹெக்ஸாக (16 அடிமான எண்ணாக) அச்சிடும்போதும் இதே சிக்கல் வரும். இன்டிஜர் கிளாஸின் டு-ஹெக்ஸ்-ஸ்ட்ரிங்கிடம் 127-க்கு மேற்பட்ட பைட்டை நேராகக் கொடுத்தால் முன்னால் ஆறு எஃப் ஒட்டிக்கொண்டு வரும். அங்கேயும் & 255 போட வேண்டும். ஜாவா 17-இல் வந்த ஹெக்ஸ்-ஃபார்மேட் கிளாஸைப் பயன்படுத்தினால் இந்தக் கவலை இல்லை.

ஃபைலிலிருந்து ஒரு பைட் படிக்கும் ரீட் மெத்தட் ஏன் இன்ட் தருகிறது?

ஃபைல் முடிந்துவிட்டது என்று சொல்ல அதற்கு 256 மதிப்புகளுக்கு வெளியே ஒரு மதிப்பு வேண்டும். அதனால் பைட்டுகளை 0 முதல் 255 வரை தந்து, முடிவுக்கு -1 தருகிறது. இங்கே பலர் செய்கிற தவறு, வந்த இன்டை உடனே பைட்டாக காஸ்ட் (வகை மாற்றம்) செய்துவிட்டு, அதன்பின் -1 தானா என்று பார்ப்பது. 255-ஐ பைட்டாக மாற்றினால் அதுவும் -1. ஜேபெக் படம் ஒவ்வொன்றும் 255, 216 என்ற இரண்டு பைட்டில்தான் தொடங்கும். அப்படி எழுதிய லூப்பில் ஜேபெக் படத்தை நகலெடுத்தால் முதல் பைட்டிலேயே முடிந்தது என்று நின்றுவிடும், கையில் கிடைப்பது காலி ஃபைல். முதலில் -1-ஐப் பாருங்கள், அப்புறம் காஸ்ட் செய்யுங்கள்.

ஷார்ட்டுக்கு?

ஷார்ட் 16 பிட், ஆகவே அதே வழி, 255-க்குப் பதில் 65535.

இதில் எனக்கு ஒரு அனுபவம். ஒரு சிறிய தொழிற்கூடத்தில் இயந்திரங்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று காட்டும் திரை செய்து கொடுத்தேன். மீட்டர் தன் அளவை 16 பிட் அன்சைன்டாக, யூனிட்டில் பத்தில் ஒரு பங்காக அனுப்பும். நான் ஷார்ட்டில் வாங்கி வைத்தேன். பல வாரம் எல்லாம் சரியாகவே ஓடியது. ஒரு மீட்டர் 3276.7 யூனிட்டைத் தாண்டிய அன்று திரையில் -3276.8 என்று வந்தது, அன்றைய மொத்தக் கணக்கும் தலைகீழாகப் போனது. அதன் பிறகு, தரவு உள்ளே வருகிற அந்த ஒரே வரியில் மாற்றிவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். வாசல் தாண்டி வந்தபின் மாற்ற நினைத்தால் இருபது இடத்தில் தேட வேண்டியிருக்கிறது.

இன்டை லாங்காக மாற்ற ஆண்ட் போட்டேன், இன்னும் கழித்தல் குறியே வருகிறது. ஏன்?

எட்டு எஃப் கொண்ட ஹெக்ஸ் எண்ணைப் போட்டிருப்பீர்கள், கடைசியில் லாங்குக்கான எல் எழுத்தை விட்டிருப்பீர்கள். எல் இல்லாவிட்டால் அந்த எட்டு எஃப் ஒரு இன்ட், அதன் மதிப்பு -1. லாங்குடன் சேரும்போது அது 64 ஒன்றுகளாக விரியும். எல்லா பிட்டும் 1 ஆக இருக்கிற முகமூடியால் எதையும் மறைக்க முடியாது. கம்பைலரும் எச்சரிக்காது. நான் மற்றவர் கோடைப் பார்க்கும்போது முதலில் தேடுவதே இந்த ஒரு எழுத்தைத்தான். இன்டிஜர் கிளாஸின் டு-அன்சைன்டு-லாங்கைப் பயன்படுத்தினால் தவற வழியில்லை.

தசமத்தில் 4294967295 என்று எழுதி இன்டில் வைக்கப் போனால் கம்பைலர் மறுக்கும். ஹெக்ஸில் எழுதினால் ஏற்றுக்கொள்ளும்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் ஒரு படி பெரிய வகையில் வைத்துவிடலாமே?

பெரும்பாலான வேலைகளுக்கு இதுதான் நான் சொல்லும் வழி. பைட், ஷார்ட் வந்தால் இன்டில் வையுங்கள், 32 பிட் வந்தால் லாங்கில் வையுங்கள். வாசலில் ஒருமுறை மாற்றுங்கள், வெளியே அனுப்பும்போது ஒருமுறை காஸ்ட் செய்து சுருக்குங்கள். நடுவில் எல்லாம் சாதாரணக் கணக்கு. ஜாவாவின் சொந்த நூலகமே அப்படித்தான் செய்கிறது. தரவு கெடாமல் வந்ததா என்று சரிபார்க்க உதவும் சிஆர்சி-32 கிளாஸ் தன் 32 பிட் விடையை லாங்காகத்தான் தரும். "123456789" என்ற ஒன்பது இலக்கங்களைக் கொடுத்தால் 3421780262 என்று வரும். எல்லா மொழிகளிலும் சிஆர்சி-32 சரிபார்க்க வைத்திருக்கும் விடை அதுதான். இன்டில் வாங்கியிருந்தால் -873187034 என்று தெரிந்திருக்கும்.

இரண்டு இடங்களில் இந்த வழி இடிக்கும். முதலாவது, பெரிய வரிசைகள். ஒரு கோடி எண் இன்டாக இருந்தால் 40 மெகாபைட், லாங்காக்கினால் 80. அங்கே பிட்டுகளை இன்டாகவே வைத்து, எடுத்துப் பார்க்கும்போது மட்டும் விரியுங்கள். இரண்டாவது, 32 பிட்டில் சுற்றி வர வேண்டிய கணக்குகள். ஹாஷ், செக்சம் போன்றவை (தரவைச் சுருக்கி ஒரு அடையாள எண்ணோ சரிபார்ப்பு எண்ணோ தரும் கணக்குகள்) 4294967295-ஐத் தாண்டினால் 0-க்குத் திரும்பும் என்று நம்பி எழுதப்பட்டவை. லாங்கில் அவை தாண்டி ஓடிவிடும், ஒவ்வொரு படியிலும் மறுபடி ஆண்ட் போட வேண்டியிருக்கும். அந்த வேலைக்கு இன்டே சிறந்தது, அடுத்த பதிலில் காரணம் இருக்கிறது.

இன்டாகவே வைத்தால் கூட்டல், பெருக்கல் எல்லாம் தவறாகாதா?

ஆகாது. பலரும் நம்ப மறுக்கிற இடம் இது. கூட்டல், கழித்தல், பெருக்கல், இடப்பக்க ஷிஃப்ட் (பிட்டுகளை நகர்த்துவது), ஆண்ட், ஆர், எக்ஸார் (இரண்டு பிட்டும் வேறுபட்டால் மட்டும் 1), சமமா என்ற சோதனை, இவை எல்லாவற்றிலும் சைன்டுக்கும் அன்சைன்டுக்கும் விளைவின் பிட்டுகள் ஒன்றே. கடிகாரத்துக்கே வாருங்கள். 22 மணியோடு 5 மணி நேரம் கூட்டினால் அதிகாலை 3. நள்ளிரவுக்கு 2 மணி முன்பிலிருந்து 5 மணி நேரம் நகர்ந்தாலும் அதிகாலை 3. டூஸ் காம்ப்ளிமென்ட் நிலைத்து நின்றதற்கே இந்த வசதிதான் முக்கியக் காரணம், ஒரே கூட்டல் சுற்று இரண்டுக்கும் போதும்.

எஃப்என்வி என்ற ஹாஷ் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 32 பிட் வடிவம் 2166136261-இல் தொடங்கி, ஒவ்வொரு பைட்டுக்கும் 16777619-ஆல் பெருக்கும். ஜாவாவில் தொடக்க எண் -2128831035 என்று தெரியும். தெரியட்டும். இன்டிலேயே பெருக்கிக்கொண்டு போனால் கடைசி பிட் வரை சி மொழியில் வரும் விடையே வரும். ஒன்றைத்தான் கவனிக்க வேண்டும்: உள்ளே எடுக்கும் ஒவ்வொரு பைட்டுக்கும் & 255 போட்டிருக்க வேண்டும். அதை விட்டால் ஆங்கிலச் சொற்களுக்குச் சரியான ஹாஷும் தமிழ்ச் சொற்களுக்குத் தவறான ஹாஷும் கிடைக்கும்.

என் மீட்டர் கதையிலும், இரண்டு அளவுகளின் வித்தியாசத்தை மட்டும் எடுத்து 65535-உடன் ஆண்ட் செய்திருந்தால் தப்பியிருப்பேன். முந்தைய அளவு 32700, அடுத்தது -32768 என்று தெரிகிறது. கழித்தால் -65468, ஆண்ட் செய்தால் 68. உண்மையில் ஓடியதும் 68-தான்.

பிறகு எவைதான் தவறும்?

ஒப்பீடு, வகுத்தல், மீதி, வலப்பக்க ஷிஃப்ட், பெரிய வகைக்கு விரித்தல், எழுத்தாக மாற்றுதலும் எழுத்திலிருந்து படித்தலும். இவற்றுக்குத்தான் பிட்டுகளின் பொருள் தெரிந்தாக வேண்டும்.

3000000000 என்ற எண் இன்டில் -1294967296 ஆக இருக்கும். 2-ஆல் வகுத்தால் ஜாவா -647483648 என்று சொல்லும். அந்தப் பிட்டுகளை அன்சைன்டாகப் படித்தால் 3647483648. பாதியாக்கப் போய் எண் பெரிதாகிவிட்டது. டிவைட்-அன்சைன்டு என்ற மெத்தட்டைப் பயன்படுத்தினால் 1500000000 என்று ஒழுங்காக வரும்.

ஜாவா 8, 2014 மார்ச்சில் வந்தபோது இன்டிஜர், லாங் இரண்டு கிளாஸ்களிலும் இவற்றுக்கு மெத்தட்கள் சேர்த்தார்கள்: கம்பேர்-அன்சைன்டு, டிவைட்-அன்சைன்டு, ரிமைண்டர்-அன்சைன்டு, டு-அன்சைன்டு-ஸ்ட்ரிங், படிப்பதற்கு இன்டிஜரில் பார்ஸ்-அன்சைன்டு-இன்ட், லாங்கில் பார்ஸ்-அன்சைன்டு-லாங். புது வகை எதுவும் வரவில்லை. இருக்கிற இன்டையே அன்சைன்டாக நடத்தும் கருவிகள் வந்தன, அவ்வளவுதான். கம்பைலர் உங்களை எச்சரிக்காது, சாதாரண வகுத்தல் குறியைப் போட்டுவிட்டால் அது சைன்டாகவே வகுக்கும். ஆகவே இப்படி வைத்திருக்கும் வேரியபிளுக்குப் பெயரிலேயே ஒரு அடையாளம் கொடுங்கள். நான் பெயரின் இறுதியில் பிட்ஸ் என்று சேர்த்துவிடுவேன்.

ஐபி முகவரிகளை வரிசைப்படுத்தினால் தாறுமாறாக வருகிறது. என்ன செய்வது?

192.168.1.10 என்ற முகவரி 32 பிட் எண்ணாக 3232235786. இன்டில் -1062731510. 10.0.0.1 என்பது 167772161. சைன்டாக ஒப்பிட்டால் 192-இல் தொடங்குவது 10-க்கு முன்னால் போய் நிற்கும். 128-க்கு மேல் தொடங்கும் எல்லா முகவரிகளுக்கும் இதுவே கதி. "இந்த முகவரி இந்த எல்லைக்குள் இருக்கிறதா" என்று பார்க்கும் பாதுகாப்புக் கோடில் இது நடந்தால், விடக்கூடாததை உள்ளே விடும்.

ஒப்பிட கம்பேர்-அன்சைன்டு இருக்கிறது. அதன் உள்ளே இருப்பது பழைய தந்திரம்தான்: இரண்டு எண்களோடும் மிகச் சிறிய இன்டை, அதாவது -2147483648-ஐக் கூட்டிவிட்டு சாதாரணமாக ஒப்பிடுவது. அப்படிக் கூட்டினால் முதல் பிட் மட்டும் புரளும். அன்சைன்டு 0 மிகச் சிறிய எண்ணாகவும் 4294967295 மிகப் பெரியதாகவும் மாறும், நடுவில் உள்ள வரிசை குலையாது. இன்ட் வரிசையை அடுக்கவும் இதே வழி: ஒவ்வொன்றின் முதல் பிட்டையும் எக்ஸாரால் புரட்டி, சாதாரண சார்ட் போட்டு, மறுபடி புரட்டுங்கள்.

வலப்பக்க ஷிஃப்டுக்குத்தான் >>> இருக்கிறதே, அது போதாதா?

இன்டுக்கும் லாங்குக்கும் போதும். >> குறிப் பிட்டை நகலெடுத்து நிரப்பும், >>> பூஜ்யத்தை நிரப்பும். அன்சைன்டு எண்ணுக்கு வேண்டியது இரண்டாவதே.

பைட்டில்தான் ஏமாற்றிவிடும். -1 என்ற பைட், அதாவது 255. அதை >>> 4 செய்தால் 15 வரும் என்று நினைப்போம். ஆனால் ஷிஃப்டுக்கு முன்பே அது 32 ஒன்றுகள் கொண்ட இன்டாக விரிந்துவிடுகிறது, விடை 268435455. திரும்ப பைட்டாக்கினால் மறுபடி -1. (ப & 255) >>> 4 என்று எழுதினால் 15 வரும்.

>>> குறியின் அழகான பயன் ஒன்றையும் சொல்ல வேண்டும். பைனரி சர்ச்சில் நடு இடத்தைக் கண்டுபிடிக்கக் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி 2-ஆல் வகுப்பார்கள். வரிசை மிகப் பெரிதானால் கூட்டுத்தொகை 2147483647-ஐத் தாண்டிக் கழித்தல் குறி பெற்றுவிடும். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே இந்தப் பிழை பல ஆண்டுகள் இருந்தது. அந்தக் கோடை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006-இல் அதை விளக்கி எழுதினார். திருத்தம் என்ன தெரியுமா? 2-ஆல் வகுப்பதற்குப் பதில் >>> 1. கழித்தல் குறி இல்லாத இரண்டு சாதாரண இன்டின் கூட்டுத்தொகை 32 பிட்டுக்குள் எப்படியும் அடங்கும், அதை அன்சைன்டாக வாசித்துப் பாதியாக்கினால் சரியான இடம் வந்துவிடுகிறது.

64 பிட் அன்சைன்டுக்கு எங்கே போவது? லாங்குக்கு மேல் வகையே இல்லையே.

ஆமாம், இங்கே பெரிதாக்கித் தப்பிக்கும் வழி அடைபட்டுவிடுகிறது. இரண்டு வழி மிச்சம். வேகம் பெரிதில்லை என்றால், எவ்வளவு பெரிய முழு எண்ணையும் வைக்கும் பிக்-இன்டிஜர் கிளாஸ். பைட்டுகளிலிருந்து அதை உருவாக்கும்போது, குறி 1 என்று சொல்லும் கன்ஸ்ட்ரக்டரை எடுங்கள். வெறும் பைட் வரிசையை மட்டும் கொடுத்தால் முதல் பிட்டைக் குறியாக எடுத்துக்கொண்டு கழித்தல் எண்ணைத் தரும். மறுபக்கம், பிக்-இன்டிஜரைத் திரும்ப பைட்டுகளாக்கினால் முன்னால் ஒரு 0 பைட் கூடுதலாக வரலாம், அதையும் எதிர்பாருங்கள்.

வேகம் வேண்டுமென்றால் லாங் கிளாஸின் அன்சைன்டு மெத்தட்கள். சைன்டு வகுத்தல் மட்டும் இருக்கும்போது அன்சைன்டு வகுத்தலைச் செய்யும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. எண்ணை >>> 1 செய்து பாதியாக்குங்கள், இப்போது குறிப் பிட் 0 ஆகிவிட்டது. பாதியை வகுத்து, ஈவை இரட்டிப்பாக்குங்கள். மீதியைப் பாருங்கள். அது வகுக்கும் எண்ணைவிடச் சிறிதாக இல்லையென்றால் ஈவோடு 1 கூட்டுங்கள். எட்டு பிட்டில் செய்து பார்க்கலாம்: 250-ஐ 10-ஆல் வகுக்க வேண்டும். பாதி 125, ஈவு 12, இரட்டித்தால் 24. மீதி 250 - 240 = 10. அது 10-ஐவிடச் சிறிதில்லை, எனவே 25. வகுக்கும் எண்ணே பெரிதாக, அதன் முதல் பிட் 1 ஆக இருந்தால் இன்னும் எளிது. ஈவு 0 அல்லது 1 தவிர வேறாக இருக்க முடியாது, ஒரு அன்சைன்டு ஒப்பீடு போதும்.

கூட்டும்போது 64 பிட்டைத் தாண்டிவிட்டதா என்று அறிய, கூட்டுத்தொகையைக் கூட்டிய எண்களில் ஒன்றோடு அன்சைன்டாக ஒப்பிடுங்கள். தொகை சிறிதாக இருந்தால் தாண்டிவிட்டது.

அன்சைன்டு எண்ணை சைன்டாக ஒப்பிடுவதே சரி என்கிற இடம் உண்டா?

உண்டு. டிசிபி என்ற நெட்வொர்க் முறை தான் அனுப்பும் பைட்டுகளுக்குக் கொடுக்கும் வரிசை எண் 32 பிட் அன்சைன்டு. ஆனால் அது சுற்றிச் சுற்றி வரும். நொடிக்கு 10 ஜிகாபிட் வேகத்தில் முழுதாக ஓடும் இணைப்பில் நாலு நொடிக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். 4294967290-க்கு அடுத்துப் பத்தாவது எண் 4. எது முந்தியது என்று அன்சைன்டாக ஒப்பிட்டால் 4 என்றுதான் வரும், அது தவறு. இரண்டையும் இன்டாகக் கழித்து, விடை 0-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்தால் சரியாக வரும்: 4294967290-இலிருந்து 4-ஐக் கழித்தால் இன்டில் -10, ஆகவே அதுவே முந்தியது. ஜாவாவின் சைன்டு இன்ட் இந்த வேலைக்கு அப்படியே பொருந்திவிடுகிறது. இரண்டு எண்ணுக்கும் இடையிலுள்ள தூரம் அரைச்சுற்றைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

தனியாக ஒரு கிளாஸ் எழுதிக்கொள்ளலாமா?

எழுதலாம், கூகுளின் குவாவா நூலகத்தில் அன்சைன்டு-இன்டிஜர், அன்சைன்டு-லாங் என்று தயாராகவே இருக்கின்றன. எண்ணைத் தவறாக வகுக்க விடாமல் கம்பைலரே காவல் நிற்கும், அது பெரிய நன்மை. விலை, ஒவ்வொரு எண்ணும் ஒரு ஆப்ஜெக்ட் ஆவது. நான்கு பைட் எண்ணுக்குப் பதினாறு பைட் வரை போகும். அமைப்பு விவரங்கள், அடையாள எண்கள் போன்ற சிலவற்றுக்கு வையுங்கள். லட்சக்கணக்கில் சுற்றும் லூப்பில் வேண்டாம்.

ஜேவிஎம்மில் (ஜாவா நிரல்களை ஓட்டும் இயந்திர மென்பொருளில்) இருந்துகொண்டே மொழியை மாற்ற முடியுமானால் கோட்லினைப் பாருங்கள். அதில் யூபைட், யூஷார்ட், யூஇன்ட், யூலாங் வகைகள் 1.3-இல் சோதனையாக வந்து, 2021-இல் 1.5 பதிப்பில் நிலைபெற்றன. உள்ளே அவையும் சைன்டு எண்கள்தான். இந்தப் பக்கத்தில் கையால் செய்யச் சொன்னதையெல்லாம் அங்கே கம்பைலர் செய்கிறது.

டேட்டாபேஸ், ஜேசன் பக்கம்?

மைஎஸ்கியூஎல்லில் அன்சைன்டு உண்டு. அதன் ஜாவா டிரைவர் 32 பிட் அன்சைன்டை லாங்காகவும், 64 பிட்டை பிக்-இன்டிஜராகவும் தரும். போஸ்ட்கிரெஸ்ஸில் அன்சைன்டு கிடையாது. அங்கே 32 பிட் எண்ணுக்கு பிக்-இன்ட் காலம் வைத்துவிடுங்கள், 64 பிட்டுக்கு நியூமரிக். ஜேசனில் (நிரல்கள் தரவைப் பரிமாறும் உரை வடிவத்தில்) 64 பிட் எண்ணை எழுத்துச் சரமாக அனுப்புங்கள். மறுமுனையில் ஜாவாஸ்கிரிப்ட் இருந்தால் 9007199254740991-க்கு மேல் அதன் சாதாரண எண்ணால் துல்லியம் காக்க முடியாது.

படத்தின் வெள்ளைப் புள்ளியைக் கேட்டால் -1 வருகிறது. படம் கெட்டிருக்கிறதா?

இல்லை. ஆல்ஃபா (ஒளி ஊடுருவாத அளவு), சிவப்பு, பச்சை, நீலம் நான்குமே 255, ஆக 32 பிட்டும் ஒன்று. ஒளி ஊடுருவாத கறுப்பு -16777216, சிவப்பு -65536. ஷிஃப்ட் செய்து & 255 போட்டு ஒவ்வொரு நிறத்தையும் பிரித்தெடுங்கள், முழு எண்ணைப் பார்த்துக் கவலைப்பட ஒன்றுமில்லை.

டபுளிலிருந்து மாற்றும்போது எல்லாமே 2147483647 ஆகிறதே?

இன்டுக்குள் அடங்காத டபுளை (தசமப் புள்ளி எண்ணை) ஜாவா எல்லையிலேயே நிறுத்திவிடும், சுற்றாது. முதலில் லாங்காக காஸ்ட் செய்து, பிறகு இன்டாக காஸ்ட் செய்யுங்கள். பிட்டுகள் சரியாக வந்து சேரும்.

சோதிக்கும்போது எந்த எண்களைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்?

பிழைகள் எல்லாம் முதல் பிட் மாறுகிற இடத்தில்தான் ஒளிந்திருக்கும். 8 பிட்டுக்கு 0, 1, 127, 128, 255. 16 பிட்டுக்கு 32767, 32768, 65535. 32 பிட்டுக்கு 2147483647, 2147483648, 4294967295. ஒவ்வொன்றையும் உள்ளே அனுப்பி, ஒப்பிட்டு, வகுத்து, எழுத்தாக்கி, திரும்பப் படித்து, வெளியே அனுப்பிப் பாருங்கள். உரையைத் தொடும் கோடு என்றால் கூடவே ஒரு தமிழ்ச் சொல்லையும் அனுப்புங்கள், எல்லா பைட்டும் 127-க்கு மேல் இருக்கும் சோதனை அதில் தானாகவே நடந்துவிடும்.